ஊருக்குப் புதுசா?

இந்தக் கேள்வியை உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? ஹாஸ்டல்வாசியாக இருந்தால் கண்டிப்பாகக் கேட்டிருப்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டில், பஸ்ஸில், டீக்கடையில், கல்லூரி வாசல் செக்யூரிட்டி அண்ணன் என்று யாராவது ஒருவர். நாம் வாயைத் திறக்கும் முன்பே நம் முகம் சொல்லிவிடும் போல.

என்னிடம் முதன்முதலில் கேட்டது ஒரு பூக்கார அம்மா. இடம், தாம்பரம் ஸ்டேஷன். அட்மிஷனுக்கு அப்பா கூட வந்தார். ஹாஸ்டலில் சேர வந்தபோது வயலில் அறுப்பு வேலை இருந்ததால் தனியாகத்தான் வந்தேன். கடையநல்லூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்து, பெட்டியை எவனாவது தூக்கிவிடுவான் என்ற பயத்தில் ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில் தாம்பரத்தில் இறங்கியாச்சு. அடுத்து கிண்டிக்கு மின்சார ரயில் பிடிக்க வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டேன். வண்டி வந்தது. எல்லாப் பெட்டியிலும் தேனடை மாதிரி கூட்டம். ஒரே ஒரு பெட்டி மட்டும் கிட்டத்தட்ட காலி. இந்த ஊர்க்காரங்களுக்குக் கண்ணே தெரியாது போல, நம்ம அதிர்ஷ்டம் என்று நினைத்து டிரங்குப் பெட்டியை உள்ளே தள்ளினேன்.

"யப்பா தம்பி! அது பஸ்ட் கிளாஸ்பா! செக்கிங் வந்தா பைன் தீட்டிடுவான். எறங்கு, எறங்கு!"

ஒரு கையில் பூக்கூடை, இன்னொரு கையில் என் டிரங்குப் பெட்டியின் கைப்பிடி. இழுத்துக் கீழே இறக்கியே விட்டார். "ஊருக்குப் புதுசா? எங்க போவணும்? கிண்டியா? சானடோரியத்துலேர்ந்து எண்ணிக்கினே போ. எட்டாவது ஸ்டேஷன்." பக்கத்துப் பெட்டியில் என்னை ஏற்றிவிட்டு அவர் லேடீஸ் பெட்டிக்கு ஓடினார். நன்றி சொல்லக்கூட நேரமில்லை. நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி. சரியாக எட்டு.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது நான் மூன்றாம் ஆண்டு. கண்ணை மூடிக்கொண்டு ரயில் மாறுவேன். யாரும் என்னிடம் 'ஊருக்குப் புதுசா?' என்று கேட்பதில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்கு அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், புதுசா இருந்தபோது கண்ணில் பட்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான் இருக்கும்.

ஊரிலிருந்து கிளம்பும்போது ஆளாளுக்கு ஒரு எச்சரிக்கை. பர்ஸை முன்பக்கப் பையில் வை. யார் கிட்டயும் பேசாத. யார் என்ன குடுத்தாலும் வாங்கித் தின்னாத. சென்னைக்கு ஒரு தடவைகூட வராத எங்கள் பெரியப்பாதான் அதிகம் எச்சரித்தார். அவர் சென்னையைப் பார்த்ததெல்லாம் சினிமாவில்தான். சினிமாச் சென்னையில் ஒன்று ரவுடி இருப்பான், இல்லையென்றால் ஹீரோவின் பையைத் திருடுபவன் இருப்பான்.

அந்தச் சென்னையில் முதல் வாரமே மாநகரப் பேருந்தில் ஏறினேன். எங்கள் ஊர்ப்பக்கம் கண்டக்டர் நம்மைத் தேடி வருவார். இங்கே அவர் தன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் முன்பக்கம் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர், "பாஸ் பண்ணுப்பா" என்றார். என்ன பாஸ் என்று முழித்தேன். அவரே என் கையில் இருந்த நூறு ரூபாயை வாங்கிப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார். "கிண்டி ஒண்ணு!" அவர் அடுத்தவரிடம், அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். என் நூறு ரூபாய் கண்ணைவிட்டு மறைந்துபோனது. போச்சுடா, பெரியப்பா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். ரெண்டு நிமிஷத்தில் டிக்கெட்டும் மிச்சச் சில்லறையும் வேறு வேறு கைகள் வழியாக வந்து என் உள்ளங்கையில் விழுந்தன. எண்ணிப் பார்த்தேன். ஒரு ரூபாய் குறையவில்லை. பணத்தைக் கடத்திவிட்டவர்களில் ஒருவரும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் தூக்கத்திலேயே வாங்கித் தூக்கத்திலேயே கொடுத்தார்!

பெயர் தெரியாத பத்துப் பேரை நம்பித்தான் இந்த ஊரில் ஒரு டிக்கெட்டே எடுக்க முடியும். 'சிட்டியில மனுசனை மனுசன் நம்ப மாட்டான்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நூறு ரூபாய்தான் ஞாபகம் வரும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் ஊரில் தண்ணீருக்குக் காசு கொடுப்பது என்பது பஸ் ஸ்டாண்டில் மட்டும் நடக்கும் விஷயம். இங்கே குடிக்க ஒரு தண்ணி, குளிக்க ஒரு தண்ணி, துவைக்க ஒரு தண்ணி. குடிப்பது கேன், குளிப்பது லாரி, துவைப்பது உப்புத்தண்ணி. முதல் மாதம் என் தலைமுடி தென்னைநார் மாதிரி ஆனபோது ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் படித்தேன்: இந்த ஊர் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து வருகிறது, ஒரு பங்கு ஆந்திராவைத் தாண்டிவரும் கிருஷ்ணா நீர். 2019 கோடையில் அதுவும் போதாமல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆக, இந்த ஊர்த் தண்ணீரே நம்மைப் போல வெளியூரிலிருந்து ரயிலேறி வந்த ஆள்தான்!

இப்போது பாஷைக்கு வருவோம். நம் எல்லோருக்கும் அடி விழுந்த இடம் இதுதான்.

ஆட்டோவில் பின்னால் டிரங்குப் பெட்டி ஆடுகிறது என்று, "அண்ணே, பைய போங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "எந்தப் பைபா? வுட்டுட்டியா?" என்றார். எங்கள் ஊரில் 'பைய' என்றால் மெதுவாக. அவருக்கு அது புரியவில்லை. இதை வகுப்பில் ஜோக்காகச் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு செமஸ்டர் முழுக்க என் பெயர் 'பைய'. நான் 'வாரேன்' என்றால் பின்னால் இருந்து நாலு குரல் 'வாரேன்' என்று இழுக்கும். 'அவிய', 'அங்கன' என்று எது சொன்னாலும் சிரிப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது மாதம் நான் போனில் அம்மாவிடம் பேச மொட்டைமாடிக்குப் போக ஆரம்பித்தேன். சிக்னல் கிடைக்கவில்லை என்று ரூம்மேட்டிடம் சொன்னேன். சிக்னல் நன்றாகவே கிடைத்தது.

தர்மபுரிக்காரி ஒருத்தியும் கோவைக்காரன் ஒருத்தனும் இதே கதையைச் சொன்னார்கள். கோவைக்காரனுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. 'ஏனுங்' என்றால் எல்லோருக்கும் செல்லமாக இருக்கிறதாம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மைக் கிண்டல் செய்தபோது வலித்த நாமே, மெட்ராஸ் பாஷையைக் கிண்டல் செய்வதில் முதல் ஆளாக நிற்கிறோம். மீம் போடும்போது படிக்காதவன், ரவுடி, குடிகாரன் என்றால் அவன் வாயில் 'இன்னாபா' வைத்துவிடுகிறோம். அந்த பாஷையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். 'நாஷ்டா' உருதுவிலிருந்து வந்தது. 'பேஜார்' அதுவும் உருது. 'நைனா' தெலுங்கு. 'துட்டு' டச்சுக்காரர்களின் நாணயத்திலிருந்து வந்தது என்பார்கள். துறைமுகத்துக்கும் சந்தைக்கும் வேலைக்கு வந்த ஒவ்வொருவனும் கொண்டுவந்த வார்த்தையை, 'நீ ஊருக்குப் புதுசு, வெளியே நில்' என்று சொல்லாமல் உள்ளே விட்ட பாஷை அது. அவ்வளவு ஏன், எங்கள் பக்கத்து 'அண்ணாச்சி'யையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் அண்ணாச்சி என்பது மரியாதைக்குரிய அண்ணன். இங்கே அது மளிகைக் கடை! "அண்ணாச்சி மூடிட்டாரா?" என்று முதல்தடவை கேட்டபோது நான் யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்றே பயந்துபோனேன். நெல்லைப் பக்கத்திலிருந்து எனக்கு முன்னால் ரயிலேறி வந்து, தெருவுக்குத் தெரு கடை போட்டு, விடிகாலையில் ஷட்டரைத் தூக்கியவர்கள் சம்பாதித்த பெயர் அது.

சரி, நகரத்தில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு புதுமுகத்தைப் பார்த்தால் முதல் கேள்வி, "யார் வீட்டுப் பையன்?" பாசமான கேள்விதான். ஆனால் அதற்குள் 'எந்தத் தெரு?' என்ற கேள்வியும் ஒளிந்திருக்கும். அந்தப் பதிலை வைத்து உட்காரச் சொல்வதா, திண்ணையோடு அனுப்புவதா என்று முடிவு செய்யும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்சார ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்குகிறவருக்கு நான் யார் வீட்டுப் பையன் என்பது தேவையில்லை. 1931-லிருந்து இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடுகிறது. எத்தனை தலைமுறை இப்படி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியிருக்கும்! அந்தத் தர்மபுரித் தோழி சொன்னாள், "ராத்திரி எட்டரைக்கு லைப்ரரியில இருந்து தனியா நடந்து வரேன். எங்க ஊர்ல இதுக்குள்ள நாலு பேரு எங்கப்பாவுக்கு போன் பண்ணியிருப்பாங்க." யாருக்கும் நம்மைத் தெரியாது என்பதும் ஒரு விடுதலைதான்.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு எல்லை உண்டு. அது வீட்டு வாசல். போன வருஷம் நாங்கள் நாலு பேர் ஹாஸ்டலை விட்டு வெளியே வீடு எடுக்கலாம் என்று அலைந்தோம். 'பேச்சுலர்ஸுக்குக் கிடையாது' என்பது முதல் கதவு. பத்து மாத அட்வான்ஸ் என்பது இரண்டாவது கதவு. அதையெல்லாம் தாண்டி ஒரு இடத்தில் உட்காரவைத்துக் காபியே கொடுத்தார்கள். "வெஜ்ஜா?" என்று ஆரம்பித்து, "சொந்த ஊர்?", "அப்பா என்ன பண்றார்?", "குலதெய்வம் எது?" என்று சுற்றி வந்தார்கள். குலதெய்வம் வரைக்கும் வந்தபோது நண்பன் ஒருத்தன் எழுந்துவிட்டான். படியிறங்கும்போது, "எங்க ஊர்ல நேராவே கேட்டுருவாங்க மச்சி" என்றான். நாங்கள் திரும்ப ஹாஸ்டலுக்கே வந்துவிட்டோம்.

அந்த ஹாஸ்டலில் எங்கள் பிளாக்கைச் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் பேச்சுவாக்கில், "அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன். ஹாஸ்டலில் யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்விதானே. அவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இந்த ஊருதாம்பா. சைதாப்பேட்டை. ஆத்தங்கரையிலதான் பொறந்தேன், அங்கதான் கண்ணாலம் கட்னேன். இப்ப பெரும்பாக்கம்."

சைதாப்பேட்டை என்பது கிண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். அதில் அவர் குடும்பமும் ஒன்று. ஏழாவது மாடி. முன்பு நடந்தே வேலைக்கு வருவாராம். இப்போது ரெண்டு பஸ் மாறி வருகிறார். எங்களுக்குக் காலை எட்டரைக்கு கிளாஸ் என்றால் நாங்கள் எட்டு மணிக்கு எழுவோம். அந்த எட்டு மணிக்கு எங்கள் வராண்டா ஈரமாக இருக்க வேண்டுமென்றால் அவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண்களுக்கு பஸ்ஸில் காசு வேண்டாம் என்று வந்ததால் மாசம் கொஞ்சம் மிஞ்சுகிறது என்றார். நேரம்தான் மிஞ்சவில்லை.

வெள்ளம் வருகிற இடத்திலிருந்து மாற்றியது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். "வீடு நல்ல வீடுதாம்பா. பொழப்பு இங்க கீதே" என்றார். அதே ஆற்றோரம் நிற்கிற பெரிய கட்டிடங்கள் ஒன்றும் பெரும்பாக்கத்துக்குப் போகவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். வேலை ஓரிடத்திலும் வீடு ஓரிடத்திலும் இருந்தால் நடுவில் இருக்கிற தூரத்தை யார் நடப்பது? சிவில் படிக்கிற நண்பர்களே, டவுன் பிளானிங் பேப்பரில் இந்தக் கேள்வி வந்தால் எத்தனை மார்க்குக்கு எழுதுவீர்கள்?

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. கடையநல்லூரில் பிறந்த நான் கிண்டியில், மரநிழலில், கல்லூரிக்கு ஐந்து நிமிஷ நடையில் இருக்கிறேன். இங்கேயே பிறந்தவர் ரெண்டு பஸ் தள்ளி இருக்கிறார். நாம் மீமில் கிண்டல் செய்கிறோமே, அது அவருடைய பாஷை. தாம்பரத்தில் என் டிரங்குப் பெட்டியை இழுத்த அம்மாவின் பாஷை.

இப்போது அந்தச் சங்கடத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

போன செமஸ்டர், இன்டர்னல் நடந்துகொண்டிருந்த நேரம். கிண்டி ஸ்டேஷனில் இறங்கிப் படியேறப் போகிறேன். ஒருவர் என்னை நிறுத்தினார். என் வயசுதான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சுருட்டிய போர்வை. இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் நடுவில் 'அம்பத்தூர்' என்ற சொல் தெளிவாகக் கேட்டது. போனிலும் ஏதோ முகவரியைக் காட்டினார்.

எனக்கு வழி தெரியும். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரல் பக்கம் நடந்து, திருவள்ளூர் வண்டி பிடிக்க வேண்டும். அதைக் கைஜாடையில் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகும். குறைந்தபட்சம் அவரைச் சரியான பிளாட்பாரத்தில் நிறுத்தியிருக்கலாம். நான் தலையை ஆட்டிவிட்டு, ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படியேறிவிட்டேன். பாலத்தின் மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது, தாம்பரம் போகிற வண்டி வந்து நின்றது. அவர் வாளியோடு அதில் ஏறினார். நேர் எதிர்த் திசை. வண்டி கிளம்பிவிட்டது.

அவர் எங்கே இறங்கினார், யாராவது சொன்னார்களா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்த வாளிதான் கண்ணில் நின்றது. என் டிரங்குப் பெட்டியும் அந்த வாளியும் ஒன்றுதானே. இத்தனைக்கும் எனக்கு பாஷையாவது தெரியும். அவருக்கு அதுவும் கிடையாது. பூ விற்கப் போகிற அவசரத்திலும் என்னை இறக்கிவிட்டாரே அந்த அம்மா, அவருக்கு என்னால் என்ன லாபம்? ரெண்டு வருஷத்தில் நான் சென்னையைக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன். நான் கற்றுக்கொண்டது ஹெட்செட் மாட்டுவதை மட்டும்தான் போலிருக்கிறது. 'சிட்டின்னா இப்படித்தான்' என்று பழியை ஊர் மேல் போடவும் வழியில்லை. இந்த ஊர் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை.

எனவே, இன்னும் சில வாரங்களில் கவுன்சிலிங் முடிந்து முதலாம் ஆண்டு வரப்போகிற இந்த நேரத்தில் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. அட்வைஸ் என்று நினைத்தால் அட்வைஸ்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வரும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர்ப் பேச்சை மொட்டைமாடிக்கு எடுத்துப்போகாதீர்கள். வகுப்பிலேயே பேசுங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள், இரண்டாம் மாதம் அவர்களே 'பைய போலாம் மச்சி' என்பார்கள். என் ரூம்மேட் சொல்கிறான், அவன் பக்கா வியாசர்பாடி! இன்னொன்று, முதல் மாதம் உங்களுக்கு எதெல்லாம் விசித்திரமாகப் படுகிறதோ, எது எரிச்சலாக இருக்கிறதோ, அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிடும். அப்புறம் கேன் தண்ணியும் கண்ணில் படாது, ரெண்டு பஸ் மாறி வரும் அக்காவும் கண்ணில் பட மாட்டார்.

சென்னைக்கார நண்பர்களே, நீங்கள் எங்களை மாலுக்கும் மெரினாவுக்கும் கூட்டிப்போனீர்கள், நன்றி. ஒருநாள் உங்கள் வீட்டுக்கும் கூட்டிப்போங்கள். ஹாஸ்டல் சாம்பார் பற்றி நான் இங்கே எதுவும் எழுதவில்லை என்பதை நினைவில் கொள்ளவும்.

சீனியர்களே, ஜாய்னிங் அன்று கிண்டி ஸ்டேஷனில் ரெண்டு பேர், தாம்பரத்தில் ரெண்டு பேர், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேர் நின்றால் போதும். கிளப் வேண்டாம், பேனர் வேண்டாம், ஸ்டோரி வேண்டவே வேண்டாம். நான் காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் நிற்பதாக இருக்கிறேன். பொதிகையில் எங்கள் ஊர்க்காரன் எவனாவது வருவான். கூட யாராவது வந்தால் சந்தோஷம். டீ என் செலவு.

வந்து நிற்கிறவன் நம் கல்லூரிக்காரனாக இல்லாவிட்டாலும், கேட்பது தமிழாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலியான பெட்டி ஒன்றில் எவனாவது மூட்டையோடு ஏறுவதைப் பார்த்தால் கூப்பிட்டு இறக்குங்கள். அது பஸ்ட் கிளாஸ் என்று அவனுக்குத் தெரியாது.